சின்னவ பல்லும் நம்ம போர் தண்ணியும்

நெல் அறுப்பைப் பத்தி எழுதறேன்னு போன தடவை சொல்லியிருந்தேன். அது அடுத்த தடவை. இப்ப மனசுல கெடக்குறது வேற, அதை எறக்கி வெச்சாத்தான் மத்தது வரும்.

2024 அக்டோபர் 25ஆம் தேதி மதுரையில ஒரே நாள்ல கொட்டின மழை உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். டிவியில பாத்திருப்பீங்க. செல்லூர்ல தெருத் தெருவா தண்ணி. கண்மாய் நிறைஞ்சு வர்ற தண்ணிய வைகைக்குக் கொண்டு போற பந்தல்குடி வாய்க்கால் தாங்காம ஊருக்குள்ள ஏறிருச்சு. எங்க அக்கா வீடு செல்லூர்லதான். முழங்காலுக்குத் தண்ணி. மறுநாள் வடியவும் நானும் பக்கத்து வீட்டுப் பையனும் போயி சேறு வழிச்சு விட்டோம்.

எங்க சின்ன மக அந்த வீட்டுலதான் தங்கி ஒரு ஜவுளிக்கடையில கணக்கு எழுதுறா. அவளோட பெட்டியப் பரண்ல ஏத்தி வெச்சிருந்தாங்க. அதை இறக்கும்போது ஒரு சின்ன அட்டை டப்பா கீழ விழுந்துச்சு. மேல ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு பல்லைக் காட்டிச் சிரிக்குது. உள்ள பாத்தா மெல்லிசா வழவழன்னு பிளாஸ்டிக் பட்டை. காயத்துக்குப் போடுற பிளாஸ்திரின்னு நினைச்சேன்.

"என்னக்கா இது?"ன்னு கேட்டேன். அக்கா பேசல. மச்சான்தான் சொன்னாரு. "பல்லுல ஒட்டுற ஸ்ட்ரிப்பு மாப்ள. பல்லு வெள்ளையாகுமாம். போன மாசம் ஆயிரத்துச் சொச்சம் குடுத்து போன்ல வாங்கிருக்கா. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டா."

சின்னவ பல்லைப் பத்திச் சொல்லணும். மேல முன்பல்லு நாலுலயும் குறுக்கால பழுப்புக் கோடு. கோட்டுக்கு மேலயும் கீழயும் சுண்ணாம்பு தெளிச்சாப்ல வெள்ளை வெள்ளையா திட்டு. ஏழு வயசுல பால் பல்லு விழுந்து புதுப் பல்லு முளைக்கும்போதே அப்படித்தான் முளைச்சுச்சு. பள்ளிக்கூடத்துல 'காவிப் பல்லு'ன்னு பேரு வெச்சாங்க. அவ அம்மா உமிக்கரி போட்டுத் தேய்க்க வெச்சா. உப்புப் போட்டுத் தேய்க்க வெச்சா. ஒரு தடவை செங்கப்பொடி கூட. ஈறுல ரத்தம் வந்ததுதான் மிச்சம். நானும் திட்டியிருக்கேன், பொய் சொல்லல. "உங்க அக்கா பல்லைப் பாரு, முத்து மாதிரி இருக்கு. நீ ஒழுங்கா வெளக்குறது கிடையாது"ன்னு எத்தனை நாள் சொல்லியிருப்பேன். அப்புறம் அவ சிரிக்கும்போது கையால வாயைப் பொத்திக்குவா. அது பழக்கமாயி, வெக்கப்படுறான்னு நாங்க நினைச்சுக்கிட்டோம்.

போன ஆவணியில பொண்ணு பாக்க வந்தவங்க பலகாரம் எல்லாம் சாப்பிட்டுட்டுப் போயி, நாலு நாள் கழிச்சு தரகர்கிட்ட சொல்லி விட்டாங்க. எல்லாம் சரிதான், பல்லு மட்டும் ஒரு மாதிரி இருக்குன்னு. அதை நான் வீட்டுல சொல்லல. ஆனா அவளுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு. அதுக்கு அப்புறம்தான் அந்த டப்பா.

அன்னிக்கு ராத்திரி அவ கடையில இருந்து வரவும் கேட்டேன். முதல்ல கோவம், அப்புறம் அழுகை. 14 நாளைக்கு உண்டான பட்டை, தெனம் அரை மணி நேரம் ஒட்டணும்னு போட்டிருக்கு. இவளுக்கு அவசரம். ராத்திரி ஒட்டிக்கிட்டே படுத்துட்டா. நாலாவது நாள் காலையில எந்திரிச்சா பச்சைத் தண்ணி பட்டா பல்லுல ஷாக் அடிச்ச மாதிரி கூச்சம். ஈறு ஓரம் வெந்து வெள்ளையாப் போயிருச்சு. சோறு கூட ஆற வெச்சுத் தின்னிருக்கா. ஆறு நாளோட நிறுத்திட்டா. "பல்லாவது வெளுத்துச்சா தாயி?"ன்னு கேட்டேன். வாயைத் தொறந்து காட்டுனா. பல்லு பொதுவா கொஞ்சம் வெளுத்திருந்துச்சு, இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனா பழுப்புக் கோடு அப்படியே இருக்கு. வெள்ளைத் திட்டு முன்னைய விட எடுப்பாத் தெரியுது. "முன்னாடி ரெண்டு கலரு, இப்ப மூணு கலருப்பா"ன்னா. அழுதுக்கிட்டே சிரிச்சா. அப்பவும் கை வாய்க்குப் போச்சு.

எங்க மச்சான் 40 வருஷமா சாயப்பட்டறையில வேலை பாத்தவரு. செல்லூர் கைத்தறிக்குப் பேர் போன ஊருன்னு உங்களுக்குத் தெரியும். நூலுக்குச் சாயம் ஏத்துறதுக்கு முன்னாடி வெளுக்கணும். அவரு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, எழுத்துக் கூட்டிப் படிச்சாரு. "ஹைட்ரஜன் பெராக்சைடு. அட, இது நம்ம பட்டறை மருந்துப்பா! இதப் போட்டுத்தான் பருத்தி நூலை வெளுப்போம். கையில பட்டா தோலு வெள்ளையாப் போயி சுள்ளுன்னு இருக்கும். எத்தனை பங்கு, எவ்வளவு நேரம், அதுதான் கணக்கு. கணக்குத் தப்புனா நூலு இத்துப் போகும்"னாரு. எத்தனை சதவீதம் கலந்திருக்குன்னு அந்த டப்பாவுல எங்க தேடியும் இல்ல. உரக்கடையில ஒரு மூட்டை வாங்குனா தழைச்சத்து இவ்வளவு, மணிச்சத்து இவ்வளவுன்னு மேலயே போட்டிருப்பான். வயல்ல போடுறதுக்கே அந்தக் கணக்கு வேணும்னா, வாயில வைக்கிறதுக்கு வேண்டாமா?

அடுத்த வாரம் கூட்டிக்கிட்டு அரசு ஆஸ்பத்திரி பல் பிரிவுக்குப் போனேன். காலையில ஏழரைக்கே சீட்டுப் போட வரிசை. டாக்டரம்மாவுக்கு முப்பது வயசு கூட இருக்காது. எங்களை உக்கார வெச்சு விவரமாப் பேசுனாங்க, அதைச் சொல்லியே ஆகணும்.

நான் எதிர்பாத்தது 'எத்தனை தடவை பல்லு வெளக்குற?'ங்கிற கேள்வி. அவங்க கேட்டது வேற. "சின்ன வயசுல எந்த ஊரு? எந்தத் தண்ணி குடிச்ச?"

"எங்க வீட்டு போர் தண்ணி"ன்னா இவ.

"கூடப் பொறந்தவங்க இருக்காங்களா? அவங்களுக்கும் இப்படி இருக்கா?"

"அக்கா இருக்கா. அவளுக்கு நல்லா இருக்கும்."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "போர் எப்பய்யா போட்டீங்க?"ன்னாங்க.

2002. எனக்கு மறக்காது. அந்த ரெண்டு மூணு வருஷம் மழை பொய்ச்சு கெணறு காஞ்சு போச்சு. கொத்தனார் வேலைக்குக் கூடப் போனேன். மாட்டை வித்து, கடன் வாங்கி 420 அடி போட்டேன். தண்ணி பீச்சுன அன்னிக்கு நான் அழுதேன். ஊரே வந்து பாத்துச்சு. அப்ப பெரியவளுக்கு ஒம்போது வயசு, சின்னவளுக்கு மூணு. பெரியவ கெணத்துத் தண்ணியில வளந்தவ. சின்னவ போர் தண்ணியில.

"அவ்வளவுதான்யா விஷயம்"னாங்க டாக்டரம்மா. முன்பல்லு வெளிய முளைக்கிறது ஏழு வயசுலன்னாலும், அது தாடைக்குள்ள உருவாகுறது பொறந்த சில மாசத்துல இருந்தே நடக்குதாம். எட்டு வயசு வரைக்கும் ஒவ்வொரு பல்லா உள்ள தயாராகுது. அந்த நேரத்துல குடிக்கிற தண்ணியில ஃபுளோரைடு அதிகமா இருந்தா, பல்லுக்கு மேல இருக்குற எனாமல் சரியாக் கட்டிப் படாம ஓட்டை ஓட்டையா உருவாகுது. அந்த ஓட்டையில அப்புறம் பழுப்பு ஏறிக்குது. பெரியவளுக்கு அதுக்குள்ள முன்பல்லு எல்லாம் உருவாகி முடிஞ்சதால தப்பிச்சா. இதுல வெளக்குறது, வெளக்காததுங்கிற பேச்சுக்கே இடமில்ல.

ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்திருந்த எனக்கு வேர்த்துருச்சு. பதினெட்டு வருஷமா அந்தப் பிள்ளையத் திட்டியிருக்கேன்.

அப்புறம் அந்த ஸ்ட்ரிப்பைப் பத்திக் கேட்டேன். நகரத்துல நீங்க பல பேரு இதை வாங்குவீங்கங்கிறதால அவங்க சொன்னதை எனக்குப் புரிஞ்ச மட்டும் எழுதறேன்.

பல்லோட வெளிப்பூச்சு எனாமல் கண்ணாடி மாதிரி. உள்ள இருக்குற டென்டின் இயல்பாவே மஞ்சள். வயசாக ஆக எனாமல் தேஞ்சு உள்மஞ்சள் தெரியும். டீ, காப்பி, சிகரெட்டு எல்லாம் மேலயும் உள்ளயும் கறை ஏத்தும். பட்டையில இருக்குற பெராக்சைடு கூழு எனாமல் வழியாவே ஊடுருவி உள்ள போயி, அந்தக் கறையை உடைச்சு நிறம் இல்லாமப் பண்ணும். அதனால மஞ்சள் பல்லுக்கு அது நிசமாவே வேலை செய்யுது, ஏமாத்து இல்லைன்னு சொன்னாங்க. ஆனா நிரந்தரம் கெடையாது. மாசங்கள் போகப் போகப் பழைய நிறம் மெல்ல திரும்பும், டீக்குடி ஆளுன்னா இன்னும் சீக்கிரம். பல்லுக்கூச்சமும் ஈறு எரிச்சலும் நெறைய பேருக்கு வர்றதுதான், பெரும்பாலும் நிறுத்துன சில நாள்ல போயிரும். சொத்தைப் பல்லு, விரிசல் விட்ட பல்லு இருந்தா மட்டும் மருந்து நேரா நரம்புக்குப் போயி உயிர் போற வலி வரும். அதனால ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பல் டாக்டர்கிட்ட வாயைத் தொறந்து காட்டிரணும். 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளும், வாயும் வயிறுமா இருக்குறவங்களும், பால் குடுக்குறவங்களும் கிட்டயே போகக் கூடாது. சொன்ன நேரத்துக்கு மேல வெச்சா வெள்ளை கூடாது, எரிச்சல்தான் கூடும்.

ஐரோப்பா நாடுகள்ல 2012ல இருந்து, 0.1 சதவீதத்துக்கு மேல பெராக்சைடு இருக்குற சரக்கைக் கடையில நேரா விக்க முடியாதாம். 6 சதவீதம் வரைக்கும் பல் டாக்டர் கை வழியாத்தான். அமெரிக்காவுல அதைவிட வீரியமான பட்டையே கடையில தொங்குது. நம்ம பிள்ளைக போன்ல தட்டுனா வீட்டு வாசலுக்கே வருது, எவ்வளவு இருக்குன்னு டப்பாவுல போடாமலே.

சின்னவ பல்லுக்கு ஏன் வேலை செய்யலைங்கிறதையும் கேட்டேன். அவளுக்கு இருக்கிறது மேல ஏறுன கறை மட்டும் இல்ல, எனாமல் உருவானதுலயே வந்த குறை. பெராக்சைடு மஞ்சளை வெளுக்கும், குறைய அடைக்காது. பழுப்பு கொஞ்சம் மங்கலாம், அவ்வளவுதான். வெள்ளைத் திட்டு எடுப்பாத் தெரிஞ்சதுக்குக் காரணம், மருந்து வெச்ச உடனே பல்லு ஈரம் வத்திப் போறது. சில நாள்ல அது கொஞ்சம் அடங்கும்னாங்க. அடங்குச்சு.

மச்சான் கதையையும் சொல்லிரணும். சின்னவ விட்ட மிச்சப் பட்டை சும்மா கெடக்கேன்னு, காசு குடுத்த சரக்காச்சேன்னு, அவரு எடுத்து ஒட்டிக்கிட்டாரு. அறுபத்தி மூணு வயசு! பட்டறைக்காரரு இல்லையா, கடிகாரத்தை எதிர்ல வெச்சு அரை மணி நேரம் கணக்கா ஒட்டி எடுத்திருக்காரு. எட்டு நாள்ல நிசமாவே வெளுத்துச்சு. நாப்பது வருஷ டீக்கறை. ஆனா மேல் வரிசையில அவருக்கு ஒரு கேப் போட்ட பல்லு உண்டு, பக்கத்துப் பல்லோட மஞ்சளுக்கு ஏத்தாப்ல அன்னைக்குப் பாத்துப் போட்டது. கேப்பை அந்த மருந்து வெளுக்காது. இப்ப எல்லாப் பல்லும் வெள்ளை, அது மட்டும் மஞ்சள். "கொக்குக் கூட்டத்துல ஒரு மைனா"ன்னு அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிக்குது. மச்சான் இப்ப பழையபடி டீயைக் கூட்டிட்டாரு, எல்லாம் ஒரே நிறமாகட்டும்னு.

எனக்கும் ஒரு வார்த்தை கேட்டுப் பாத்தேன். என் பல்லுல இருக்குறது வெத்தலைக் காவியும் கல்லு மாதிரி படிஞ்ச காரையும். "உங்களுக்கு ஸ்ட்ரிப் எல்லாம் வேண்டாம்யா, சுத்தம் பண்ணுனா போதும், வெத்தலையை விடுங்க"ன்னாங்க. சுத்தம் பண்ணிட்டாங்க. வெத்தலையைக் குறைச்சிருக்கேன்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. போனை வெச்சுத் தேடித் தேடிப் படிச்சேன். அமெரிக்காவுல கொலராடோ ஸ்பிரிங்ஸ்னு ஒரு ஊரு. 1901ல அங்க தொழில் பாக்கப் போன மெக்கேங்கிற பல் டாக்டர், ஊர்ப் பிள்ளைக பல்லெல்லாம் பழுப்பா இருக்குறதைப் பாத்துக் காரணம் தேட ஆரம்பிச்சிருக்காரு. முப்பது வருஷம் தேடியிருக்காங்க. 1931ல ஒரு அலுமினியக் கம்பெனியில இருந்த சர்ச்சில்ங்கிற வேதியியல்காரர் தண்ணியச் சோதிச்சுப் பாத்து, ஃபுளோரைடுதான்னு கண்டுபிடிச்சிருக்காரு. இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதின்னு விடவும் முடியல. 1937லயே நம்ம சென்னை மாகாணத்துல, நெல்லூர்ப் பக்கம் இந்த வியாதி இருக்குன்னு டாக்டருங்க எழுதி வெச்சிருக்காங்க. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இதுக்காகவே காவிரித் தண்ணியக் கொண்டு போறதுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு 2013ல தொறந்தாங்க. அந்தச் செய்தியை அன்னிக்கே பேப்பர்ல படிச்சவன் நான். அது தர்மபுரிக்காரங்க பிரச்சனைன்னு மடிச்சு வெச்சுட்டேன். என் வீட்டுக்குள்ள ஒரு பிள்ளை வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கு.

பாறைக்குள்ள ஆழமாப் போகப் போகத் தண்ணி ரொம்ப நாளாப் பாறையோடவே கெடந்து அந்த உப்பைக் கரைச்சுக்குது. மழைத் தண்ணி ஊறுற கெணத்துல அவ்வளவு இருக்காது. நான் 420 அடி போட்டதைப் பெருமையாச் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

மறுநாளே கழுவுன பாட்டில்ல தண்ணி பிடிச்சுக் குடிநீர் வாரிய ஆய்வகத்துல குடுத்தேன். தாள் வந்துச்சு. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லைன்னா 1.5 வரைக்கும் போகலாம். நம்மது 2.3. காய்ச்சிக் குடிச்சா போயிருமான்னு அங்கேயே கேட்டேன். போகாதாம். தண்ணிதான் ஆவியாகும், இது அடியிலயே நிக்கும், இன்னும் கெட்டியாகும்னாங்க. நாங்க சின்னதுல பிள்ளைகளுக்கு நல்லதுன்னு காய்ச்சிக் காய்ச்சிக் குடுத்தோம்.

இதுல எனக்கு அடிவயித்தைப் பிசைஞ்சது பேரன் விஷயம். பெரியவளும் மாப்பிள்ளையும் திருப்பூர்ல வேலை. பேரனுக்கு மூணு வயசு. ஒன்றரை வருஷமா எங்ககிட்டதான் இருக்கான். பால் பல்லு எல்லாம் அரிசி மாதிரி வெள்ளை வெளேர்னு முளைச்சுச்சு. 'பாத்தியா, நம்ம தண்ணிக்கு ஒண்ணும் இல்ல'ன்னு சின்னவகிட்டயே ஒரு தடவை சொல்லியிருக்கேன். டாக்டரம்மாகிட்ட கேட்டப்ப, பால் பல்லுல இது அவ்வளவாத் தெரியாதுய்யா, அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னாங்க. அவனோட முன்பல்லு இப்பத்தான் தாடைக்குள்ள உருவாகிக்கிட்டு இருக்கு. அது எப்படி இருக்குன்னு பாக்க இன்னும் மூணு நாலு வருஷம் ஆகும். "ஆனது ஆச்சு, இன்னையில இருந்து தண்ணிய மாத்துங்க, இன்னும் நேரம் இருக்கு"ன்னு சொன்னாங்க.

வீட்டுக்கு வந்து சம்சாரத்துக்கிட்ட சொன்னேன். அவ ஒண்ணும் பேசாம போர் குழாய்க்குக் கீழ இருந்த குடிதண்ணிக் குடத்தை எடுத்துக் கவுத்தி வெச்சுட்டா.

சின்னவளுக்கு உடனே வைத்தியம் ஆரம்பிக்கல. வெளுத்த மருந்தோட ஆக்ஸிஜன் பல்லுக்குள்ள நிக்கிறதால மேல ஒட்டுற பூச்சு சரியாப் பிடிக்காதாம், ரெண்டு வாரம் பொறுத்து வரச் சொன்னாங்க. அப்புறம் மெல்லிய அமிலமும் படிகக்கல் பொடி மாதிரி ஒண்ணும் வெச்சு எனாமலோட மேல்தோலை மட்டும் லேசாத் தேச்சு எடுத்தாங்க. பழுப்புல பாதி அதுலயே போச்சு. போகாத ரெண்டு பல்லுக்குப் பல்லு நிறத்துலயே காம்போசிட்னு ஒரு பூச்சு. சில வருஷத்துக்கு ஒரு தடவை பழுது பாக்க வேண்டி வரும்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. மூணு தடவை நடந்தோம். ஸ்ட்ரிப்புக்கு அவ குடுத்த காசுல பாதி கூடச் செலவாகல, பஸ் காசையும் சேத்து. இதுல பெரிய செலவு என்னன்னா அவ மூணு நாள் லீவு போட்டது.

கடைசித் தடவை முடிஞ்சு வெளிய வந்து டீக்கடையில உக்காந்தோம். "அந்த நாள்ல நான் திட்டுனதுக்கு..."ன்னு ஆரம்பிச்சேன். "விடுப்பா, உனக்கு என்ன தெரியும்"னா. அப்புறம் கொஞ்சம் நேரம் கழிச்சு, "செங்கப்பொடி போட்டதை மட்டும் அம்மாவை நான் விட மாட்டேன்"னு சொல்லிச் சிரிச்சா. ஒரு கையில டீ கிளாஸு, இன்னொரு கையில மருந்துச் சீட்டு. கை எதுவும் மேல போகல.

பொண்ணு கேட்டு வேற ஒரு எடத்துல இருந்து பேச்சு வந்திருக்கு. பல்லுக்கு என்ன வைத்தியம் பாத்தோம், எதனால வந்துச்சுன்னு முதல்லயே சொல்லிரணும்னு அவ கண்டிஷன் போட்டிருக்கா. தரகர் வேண்டாங்கிறாரு. நான் அவ பக்கம்.

எங்க தெருவுல போர் போட்ட வீடு பதினொண்ணு. ஒவ்வொரு வீடாப் போயி தாளைக் காட்டிச் சொன்னேன். நாலு வீட்டுல கேட்டுக்கிட்டாங்க. ஒருத்தர், "ஊரு மண்ணு வாகுப்பா, எங்க தாத்தனுக்கே இப்படித்தான்"னு சொல்லி அனுப்பிட்டாரு. அவரு தாத்தன் காலத்துல போர் ஏது? திரும்பவும் போவேன், அவரு வீட்டுலயும் ஒரு கைப்பிள்ளை இருக்கு.

இப்ப போர் தண்ணி வயலுக்கும் குளிக்கவும் துவைக்கவும் மட்டும். குடிக்க, சமைக்க ஊர்ப் பொதுக்குழாயில வர்ற கூட்டுக் குடிநீர்த் தண்ணி. அதையும் அதே ஆய்வகத்துல குடுத்துப் பாத்துட்டேன், 0.6தான். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், காலையில அஞ்சு மணிக்கு, முக்கால் மணி நேரம். நாலு குடம் பிடிச்சா ரெண்டு நாளைக்குக் காணும். பேரனும் ஒரு சொம்பைத் தூக்கிக்கிட்டு எம் பின்னாடியே வர்றான், பாதியைக் கீழ ஊத்திருவான். நாளைக்குத் தண்ணி வர்ற நாள். நாலரைக்கு எந்திரிக்கணும், படுக்கப் போறேன்.